ஒரு கழித்தலுக்கு ஒன்பது முத்திரைகள்

ஏப்ரல் 3, வியாழன்

புதிய நிதியாண்டு, வழக்கம்போல் இடமாற்றங்கள். பக்கத்து ஊரான ஓனோகியின் குடிநீர் அலுவலகத்தில், எட்டு மாதமாக என்னோடு தகவல் பகிர்வு ஒப்பந்தம் பேசிவந்த அதிகாரியை நூலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். குழாய்களைப் பற்றி இப்போதுதான் அவருக்கு ஏதோ புரியத் தொடங்கியிருந்தது. எனவே மாற்ற வேண்டியதுதான். புதியவர் ஹிராய்வா தொலைபேசியில் பணிவாகக் கேட்டார்: “முதல்லேருந்து ஆரம்பிக்கலாங்களா?” எங்கள் நகராட்சியின் சட்ட அலுவலன் என்ற முறையில் மகிழ்ச்சியுடன் இசைந்தேன். ‘தகவல்’ என்ற சொல்லின் வரையறையிலிருந்து.

ஏப்ரல் 17, வியாழன்

இரு ஊர் எல்லைச் சரிவின் அடியில் டோஃபு என்னும் சோயாக் கட்டி செய்து விற்கும் பெண்மணி தட்சுனோ-சான் இன்றும் வந்தார். பின்சுவரில் விரிசல், மண் சொதசொதவென்று இருக்கிறதாம்.

“ஊத்துத் தண்ணின்னு நீங்க சொல்றீங்க. ஓனோகிக்காரங்களும் அதையேதான் சொல்றாங்க. மழைக்காலம் வந்தா சரிவு என் தலைமேல இறங்கும். அப்பவாவது எந்த ஊர் மண்ணுன்னு சொல்வீங்களா?”

குழாய் நீரா ஊற்று நீரா என்று காட்ட வேண்டிய குளோரின் சோதனையும், மண்ணில் ஊறி வந்த நீரில் கைவிரித்துவிட்டது. பரிசீலனையில் இருப்பதாகத் தெரிவித்தேன். அது பொய்யன்று. கோப்புகள் நிரந்தரமாக வசிப்பது அங்கேதான்.

மே 9, வெள்ளி

தரையில் இரும்புக் கோலை ஊன்றிக் காது வைத்துக் கசிவு கண்டுபிடிக்கும் எங்கள் குடிநீர் ஊழியர் குமேடா-சான் என் மேசைக்கு வந்தார்.

“நம்ம ஊர்லேருந்து ஓனோகிக்குத் தண்ணி போற குழாய்ல, நம்ம மீட்டரைத் தாண்டி எவ்வளவு போகுது, அவங்க மீட்டருக்கு எவ்வளவு வந்து சேருது. ஒரே நேரத்துக்கு ரெண்டு எண், சட்டக்காரரே. ரெண்டாங்கிளாஸ் பிள்ளை கழிச்சிடும். அந்தக் கணக்கு இல்லாம எல்லைச் சாலையைத் தோண்ட எந்த ஊரும் விடாது.”

வரைவின் ஏழாம் பிரிவை வாசித்துக் காட்டினேன்: ‘கசிவு உறுதிசெய்யப்பட்ட பின்னரே நீரளவுத் தகவல் பகிரப்படும், வேறெவ்வகையிலும் வெளியிடலாகாது.’ என் சொந்த வாசகம்.

“கசிவை எப்படி உறுதி பண்றது?”

“நீரளவுகளை ஒப்பிட்டு.”

இரும்புக் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டார். “இதை எழுதறதுக்குப் படிக்க வேற செஞ்சீங்களா?”

மே 10, சனி

அப்பிரிவைப் பதினொரு முறை படித்தேன். இலக்கணப் பிழை இல்லை.

மே 20, செவ்வாய்

பிரிவைத் திருத்தினால் வரைவு மீண்டும் முதல் அதிகாரியின் ஒப்புதல் முத்திரையிலிருந்து கிளம்ப வேண்டும், மொத்தம் ஒன்பது. திருத்தாத வரைவே இன்று திரும்பி வந்தது. கீழ்நிலை முத்திரை மேல்நிலை முத்திரைப் பக்கம் சற்றுச் சாய்ந்து விழுவது மரபு. நான்காம் முத்திரை, மேலதிகாரியின் முத்திரையை நோக்கிப் போதுமான அளவு தலைசாய்ந்து வணங்கவில்லையாம். சரிவு தாராளமாகச் சாய்கிறது. அதை யாரும் குறை சொல்லவில்லை.

மே 21, புதன்

முதன்முறையாகச் சரிவுக்குப் போனேன். விரிசலுக்குள் கை நுழைகிறது — முழுக் கை. உள்ளே ஈரம். அந்தச் சுவருக்குப் பக்கத்துல நின்னுதான் அந்தம்மா தினமும் சோயா அரைக்குது. இத்தனை நாளா நான் என்னத்தை எழுதிக்கிட்டு இருந்தேன்?

மே 22, வியாழன்

கையெழுத்தாகாத ஒப்பந்தம் எவரையும் கட்டுப்படுத்தாது. ஏழாம் பிரிவு இன்னும் பிறக்கவே இல்லை. குடிமக்களுக்கான அறிவிப்புக்கு என் ஒரு முத்திரை போதும். எல்லை மீட்டரின் காலை பத்து மணி அளவை வாசல் பலகையில் ஒட்டினேன். பின்னர் ஹிராய்வாவை அழைத்து, எதையும் பகிரவில்லை என்றும், எங்கள் வாசலில் ஒரு பலகை இருப்பதை மட்டும் தெரிவிப்பதாகவும் சொன்னேன்.

மறுமுனையில் தாள் கிழியும் ஓசை கேட்டது.

“எங்க வாசல்லயும் ஒண்ணு இருக்குங்க,” என்றார்.

மே 23, வெள்ளி

குமேடா-சான் சைக்கிளில் போய் இரு பலகைகளையும் பார்த்துவந்தார். இரண்டிலும் பத்து மணி அளவு: மணிக்கு 41.6 கன மீட்டர் போகிறது, 29.3 சேருகிறது.

“உங்க ஊத்து நம்ம மீட்டரைத் தாண்டித்தான் பொறக்குது, சட்டக்காரரே.”

ஜூன் 4, புதன்

இரு ஊராரும் சேர்ந்து தோண்டினார்கள். குழாயின் இணைப்பு ஒரு விரற்கடை விலகியிருந்தது, அடைத்தாயிற்று. சுவருக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தட்சுனோ-சான் நன்றி சொல்லவில்லை. “ரெண்டு வருஷமா ஊத்துன்னு சொன்னீங்களே,” என்றார்.

ஜூன் 9, திங்கள்

காலை முதல் மழை. சரிவு நிற்கிறது, கடை திறந்திருக்கிறது.

பழைய வாசகத்துடனேயே ஒப்பந்தத்தில் ஒன்பதாம் முத்திரை விழுந்துவிட்டது. துறைத் தலைவர் அதை வரலாற்றுச் சாதனை என்றார். இன்றே அமல். இனி பலகையில் நீரளவு ஒட்டுவது ஏழாம் பிரிவை மீறுவதாகும். ஒட்டுபவர் மீது ஒழுங்கு நடவடிக்கை. நானே எழுதியது, தப்பிக்க வழியே விடவில்லை.

பத்து மணி அளவை எழுதி, அடியில் என் முத்திரையை வைத்து, பலகையில் ஒட்டினேன்.