படத்தில் திரும்பி வராதவன்

அன்புள்ள முப்பிடாதிக்கு,

தாராவியில் நான் சுகம். அங்கே நீயும் அம்மாவும் சுகந்தானே? உன் முதுகுவலி தேவலையா?

நான் ஊரிலிருந்து கிளம்பும் முன் ஒரு தொடர்கதை சொன்னாயே, அது படமாக இங்கே மாட்டுங்கா தியேட்டருக்கு வந்திருக்கிறது. ஞாயிறன்று வெயிலுமுத்து அண்ணாச்சியோடு போனேன். நீ சொன்ன கோமதி தையல் மிஷின் மிதிப்பாள். படத்துக் கோமதி பங்களாவில் பாடுகிறாள். அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பட்டணம் போன அவள் புருஷன் கடைசிவரை திரும்பவே இல்லை.

"கதையை மாத்திட்டானுவ! அவன் வந்திருவாம்லா!" என்று கத்திவிட்டேன். தியேட்டரே திரும்பிப் பார்த்தது.

"தொடர்கதையிலயும் அவன் வரலடே. நான் வாரவாரம் படிச்சேம்லா. மாத்துனது உம் பொண்டாட்டிதான்" என்றார் அண்ணாச்சி.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அறைக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நீ அன்று அவ்வளவு சொல்லியும், வெறும் கதையென்று கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, முப்பிடாதி.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் கொஞ்சம் கருப்பட்டி கொடுத்தனுப்பு. வேண்டாம், கோயில் கொடைத் திருவிழாவுக்கு நானே வருகிறேன். ஆலைச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓடுகிறேன்.

பிரம்மநாயகம்