மூன்றாம் நாள் கழற்றிய மூக்குத்தி

என் மகள் வண்ணாரப்பேட்டைக்குப் போய் மூக்குக் குத்திக்கொண்டு வந்திருக்கிறாள். அவளுக்காக அடுப்பில் உப்புத் தண்ணீர் கொதிக்கிறது. உப்புத் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டென்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு வருகிறது. கூடவே நீயும் வந்து நிற்கிறாய். நான் உன்னைக் கூப்பிடவில்லை.

கடையில் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவள் அதை உரக்கப் படித்தாள். கை கழுவாமல் தொடக்கூடாது. திருகக் கூடாது. பொருக்கைப் பிய்க்கக் கூடாது. ஆறவைத்த உப்புத் தண்ணீரால் இரண்டு வேளை துடைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு எதற்காகவும் கழற்றக் கூடாது, புதுத் துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

"மூணு மாசத்துக்குள்ள எவம்மா கழட்டப் போறா?" என்று சிரித்தாள். நான் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

நீ மூன்றாம் நாளே கழற்றினாய். கழற்ற வைத்தவள் நான்.

எண்ணூர் ரோட்டில் நம் இறால் கம்பெனி. நீ மேசையில் நின்று இறால் உரிப்பவள், நான் கேட்டில் நின்று உள்ளே வருபவர்களைச் சோதிப்பவள். வளையல், கம்மல், பூ, ஹேர்பின் எல்லாம் கழற்றி எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தாலியை மட்டும் யாரும் கழற்றச் சொல்வதில்லை, துணியில் சுற்றி ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளலாம். கல்யாணமானவளின் மூக்குத்தியும் அப்படித்தான். மேலே ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டினால் போதும். எங்கேயும் எழுதி வைக்காத சலுகை அது. கேட்டில் நிற்பவள் பார்த்துக் கொடுப்பது.

உன் புருஷன் போய் நான்கு வருஷம் கழித்து நீ மூக்குக் குத்திக்கொண்டாய். நாற்பது வயதில், ஒற்றைக்கல். நன்றாகத்தான் இருந்தது. அன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் இரண்டு நாளும் நான் உன் மூக்கில் பிளாஸ்திரி ஒட்டி உள்ளே அனுப்பினேன். மதியம் குழாயடியில் உட்காரவைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த உப்புத் தண்ணீரால் நானே கழுவியும் விட்டேன். இறால் தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்கும் என்று உன் கையை முகத்துப் பக்கம் வரவிடாமல் தட்டினேன். "வலிக்குதுமே, மெதுவா," என்று சிணுங்கினாய்.

இரண்டாம் நாள், சோறு தின்னும் இடத்தில், யாரோ நம் இரண்டு மூக்கையும் பார்த்து யாருடையது அழகு என்று கேட்டார்கள். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "அவுளுது அவ புருசன் வாங்கித் தந்தது. அதுக்கு வாரத்துக்கு ரெண்டு தபா ஒதை வாங்குறா. என்னுது நானே வாங்கிக்கினது. எவனும் கை வெக்க முடியாது."

எல்லாரும் சிரித்தார்கள். என் தாடையில் அன்றைக்கும் ஒரு வீக்கம் இருந்தது. அது எதனால் என்று உன் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை நீ பிளாஸ்திரிக்காக மூக்கை நீட்டிக்கொண்டு வந்தாய். நான் டப்பாவை நீட்டினேன்.

"கழட்டு."

"இன்னாமே, வெளயாடுறியா? பச்சப் புண்ணுடி."

"தாலி கீறவளுக்குத்தான் பிளாஸ்திரி. புருசன் இல்லாதவளுக்கு இன்னாத்துக்கு மூக்குத்தி?"

உனக்குப் பின்னால் வரிசையில் நாற்பது பேராவது நின்றார்கள். நீ திருகாணியைத் திருகினாய், பொருக்கு பிய்ந்து ரத்தம் வந்தது. துளை மூடாமலிருக்கத் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகப் போனாய். இறாலில் விழும் என்று அதையும் வாங்கி எறிந்தேன். விதிப்படிதான் செய்தேன். மனதுக்குள் குளுகுளுவென்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் துளை மூடிவிட்டது. வீட்டுக்குப் போய் எண்ணெய் போட்டு மூக்குத்தியை அழுத்திக் குத்தியிருக்கிறாய். நான்கே நாளில் மூக்கு வீங்கிச் சீழ் கட்டியது. புண்ணோடு யாரும் உள்ளே போகக் கூடாது என்பதும் கம்பெனி விதிதான், எழுதி ஒட்டிய விதி. உன்னைத் திருப்பி அனுப்பியதும் நான்தான்.

ஒரு வாரம் பொறுத்து, மருந்துக்கடையில் களிம்பு வாங்கிக்கொண்டு கொருக்குப்பேட்டையில் உன் வீட்டுக்கு வந்தேன். தண்டவாளத்தைப் பார்த்த அந்த ஒற்றை அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். மூக்கு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

"உள்ள வராத," என்றாய். "வாசல்லயே நில்லு. ஆளுங்கள உள்ள வுடாம நிக்கிறதுதான உன் வேல."

களிம்பைப் படியில் வைத்துவிட்டு வந்தேன். நீ அதைத் தொட்டிருக்க மாட்டாய்.

புண் ஆறி வேலைக்குத் திரும்பியபோது துளை இருந்த இடத்தில் பட்டாணி போல ஒரு கட்டி. என்னிடம் பேசவில்லை. தினமும் என் முன்னால் வந்து, கழற்ற ஒன்றுமில்லாத இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போவாய். இரண்டு வருஷம் அப்படிக் காட்டினாய். பிறகு காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டாய். உன்னைக் கிடத்தியிருந்தபோது மஞ்சள் பூத்த முகத்தில் அந்தக் கட்டி மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அன்றும் நான் வாசலில்தான் நின்றேன். உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை, நானும் வரவில்லை.

தண்ணீர் ஆறிவிட்டது. மகள் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நீட்டுகிறாள். பஞ்சை நனைத்து ஒற்றுகிறேன். "வலிக்குதும்மா, மெதுவா," என்கிறாள். உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. என் புருஷனும் போன ஆடியில் போய்விட்டான். தாலியை வாங்கினார்கள், கொடுத்தேன். மூக்குத்தியைக் கேட்டார்கள், வீங்கியிருக்கிறது, வராது என்று பொய் சொன்னேன். இன்று காலையும் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் கம்பெனிக்குள் போனேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. கேட்டில் நிற்பது இன்னும் நான்தான்.