தங்கச்சிக்கு அந்த வீடியோவை அனுப்பாதே

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் நவீனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நைனாவும் நானும் ஸ்டெல்லாவும் நல்லபடியாக இருக்கிறோம், அந்த ஊர் வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்பதுதான் கவலை. போனில் பேசினால் உன் தங்கச்சி காதில் விழும், அதனால் தோஹா திரும்புகிற விநாயகத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வடக்கே ஏதோ ஊரில் ஹாஸ்டல் வாசலில் ஒரு காலேஜ் பெண்ணைக் குத்திக் கொன்றார்களே, அந்தக் கேமரா படத்தை டிவியில் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நைனா டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டார், ஆனால் ஸ்டெல்லா போனிலும் அதேதான் வந்தது. நீயும், ஜாக்கிரதை என்று எழுதி, அதையே அனுப்பியிருந்தாய். மறுநாள் தலைவலி என்றாள், அப்புறம் வயிற்றுவலி என்றாள், ஒரு வாரம் காலேஜுக்குத் திண்டிவனம் பஸ் ஏறவே இல்லை. தோட்டத்துப் பக்கம் போகக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். அது எங்கியோ நடந்தது, இங்க இன்னா பயம் என்று நைனா கேட்டதற்கு, அந்தப் பொண்ணும் தினம் போற வழியிலதான நைனா போச்சு என்றாள்.

அப்போதுதான் அவள்கூடப் படிக்கிற அன்புக்கரசி வந்தாள். ஏன் காலேஜுக்கு வரவில்லை என்று கேட்க வந்தவள், நானும் பஸ்ல பின்னாடி யாரு நின்னாலும் எடம் மாறிடறேண்டி, வூட்ல சொன்னா படிப்ப நிறுத்திடுவாங்கன்னு சொல்லல என்று அழுதுவிட்டாள். நம் பிள்ளையும் அதற்காகத்தான் தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறாள். யார் படிப்பும் நிற்காது, உங்க அப்பாகிட்ட நானே வந்து பேசறேன் என்று நைனா சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். இப்போது சேர்ந்தே போகிறார்கள். சாயந்திரம் நைனா பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்கிறார், போதும் என்று அவளே சொல்கிறவரை நிற்கட்டும். தூக்கத்தில் இன்னும் திடுக்கிட்டு எழுகிறாள். நேற்று லேப்பில் எதையோ உடைத்துத் திட்டு வாங்கியதைச் சொல்லிச் சிரித்தாள். இன்றைக்கு மாதா கோவில் பூசையில் செத்துப்போன அந்தப் பெண்ணுக்காக வேண்டிக்கொண்டோம், அவள் பெயரை ஸ்டெல்லாதான் சாமியாரிடம் சொன்னாள்.

நீ பாசத்தில்தான் அனுப்பினாய், எனக்குத் தெரியும். இனிமேல் அனுப்பாதே, நீயும் ரூமில் தனியாக உட்கார்ந்து அதையே பார்க்காதே. அவளுக்குப் போன் போடு. பத்திரமா இருக்கியா என்று கேட்காமல், இன்னிக்கு காலேஜ்ல இன்னா நடந்துச்சு என்று கேள்.

வேளைக்குச் சாப்பிடு. மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அமலோற்பவம்