புரொசசருக்கு வைத்த சந்தனம்

இஞ்சாருங்கோ,

சோறும் சூடைமீன் குழம்பும் குசினியில் மூடி இருக்கு, போட்டுச் சாப்பிடுங்கோ. நான் லிங்கநகருக்கு அக்கா வீட்டை போறன். இங்கே நின்றால் என் வாய் சும்மா இராது.

சாமான்களைக் கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டரைப் பூட்டுவிப்பம் என்று எத்தனை தரம் சொன்னனான்? "மூளை உள்ளவனுக்கு இதொரு வேலையோ, நானே பூட்டுவன்" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கதைச்சீங்கள். மூன்று நாளாய்ப் பெட்டி கண் முழிக்கவில்லை. மகளுக்கு, "கரண்ட் சரியில்லை, தேனுகா" என்று ஒரு புளுகு. நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு அவளுக்கு வேலைச் சோதனை. கம்ப்யூட்டரில் வீடு கட்டுகிற பிளான் படம் கீறிக் காட்ட வேணும், போனில் ஏலாது.

எனக்கு ஊர்க்கதை தேவையில்லை. தேங்காய் கேட்கத்தான் பக்கத்து வீட்டு ஸல்ஹாவிடம் போனனான், அவளாகச் சொன்னாள். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற அவளின் மனுசன் ஜவ்பரிடம் ரகசியமாய்க் கேட்டீங்களாம்: "புதுச் சாமான் என்று புரொசசருக்குச் சந்தனம் வைச்சனான், அது பிழையோ?" கம்ப்யூட்டருக்கு மூளையே அதுதானாம். அதுவும், மஞ்சளாய் மினுங்கிற பக்கம்தான் முகமென்று நினைச்சு, கரண்ட் ஓடுகிற இடத்திலேயே பூசியிருக்கிறீங்கள்! தேருக்குக்கூட இவ்வளவு சந்தனம் வைக்கமாட்டினம்.

ஜவ்பர் நாலு மணிக்கு வருவார். நான்தான் வரச் சொன்னனான். ஸ்குரூ டிரைவரை அவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் கதிரையில் இருங்கோ. விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இரத்தினேஸ்வரி

பி.கு: அவருக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுங்கோ, சீனி குறைய.

இன்னொன்று. முன்வீட்டுக்கும் தையல்கார அன்ரிக்கும் சொல்லிப்போட்டன், வாய் தவறிவிட்டது. தேனுகாவுக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் ஐந்து மணிக்கு வருவாள். பிழை கரண்டில் இல்லை, அப்பாவில்தான் என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கோ.