ஃபுளோரைடை ஏற்காத ஆறு அயனிகள்

8 ஜூலை 2024, திங்கள். இலுப்பூர்
மருமகள் ஷீபா திருச்சி ஆய்வகத்துக்குக் கிளம்பும்போது, "அத்தே, ஃபைலயெல்லாம் நான் ஒரு தடவ பாத்துரவா?" என்றாள். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவளிடம் கேட்கிற கேள்வியா இது? பாஸ்பரஸ் நேர்மின் அயனிகள் ஆறு. ஒவ்வொன்றும் ஃபுளோரைடை எவ்வளவு வலுவாகப் பிடிக்கும் என்று கணினியில் கணக்கிட்டால் அதன் லூயிஸ் அமிலத்தன்மை, அதாவது எலக்ட்ரான் ஜோடியை ஏற்கும் வலு, தெரிந்துவிடும். அவள் கட்டுரைக்கு ஆய்விதழ் கேட்பது அவ்வளவுதான். இருபதாம் தேதி கெடு. தவறினால் கட்டுரை போச்சு, அவள் பட்டமும் போச்சு. கணினிக்கான ஃபைல்களைத் தட்டச்சு செய்வது என் பொறுப்பு.

9 ஜூலை
தனி அயனிகளின் கணக்குகள் ஓடிவிட்டன. ஃபுளோரைடு சேர்த்த ஃபைல்கள் மட்டும் முரண்டு. மின்சுமையும், ஜோடி சேராத எலக்ட்ரானைச் சொல்லும் ஸ்பின் எண்ணும் பொருந்தவில்லையாம். ஸ்பின்னில் ஒன்றை இரண்டாக்கினேன். வாயை மூடிக்கொண்டு ஓடியது. ஆறுக்கும் அப்படியே.

13 ஜூலை
அபத்தம்! கணக்குப்படி ஆறில் ஒன்றுகூட ஃபுளோரைடை ஏற்காதாம்.
"ஆய்வகத்துல என் கண்ணால பாத்தேன் அத்தே. போட்ட ஒடனே புடிச்சுக்கிருச்சு."
"குடுவைய ஒழுங்காக் கழுவுனியா?"
பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். போகட்டும்.

15 ஜூலை
கட்டுரையைத் திரும்பப் பெறலாம் என்று அவளுடைய பேராசிரியர் போனில் கத்தினாராம். இவள் அழவும் இல்லை. அழுதாலாவது திட்டலாம்.

16 ஜூலை
பென்சிலால் எலக்ட்ரான்களை எண்ணினேன். ஒற்றைப்படை. மறுபடியும் ஒற்றைப்படை. இரட்டைப்படையாக அல்லவா வரவேண்டும்!

நேர்மின் அயனியோடு ஃபுளோரைடு சேர்ந்தால் மின்சுமை பூஜ்யம். அயனியின் ஃபைலை நகலெடுத்த நான் +1ஐ மாற்றவே இல்லை. ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அமிலத்துக்குப் பலமில்லை என்று — கடவுளே, குடுவையை வேறு குறை சொன்னேனே!

மின்வெட்டில் ஃபைல் கெட்டதென்று சொல்லிவிட்டால்? சீ.

17 ஜூலை
தவறை எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்பது கான்வென்ட் வளர்ப்பு. காபி ஆற, நின்றுகொண்டே சொன்னேன்.
"எத்தன ஃபைல்ல அத்தே?"
"ஆறுலயும்."
ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு, "நாலு நாளா அந்தக் குடுவையக் கழுவிக்கிட்டே இருக்கேன்," என்றாள்.

20 ஜூலை
திருத்தி மறுபடி ஓடவிட்டதில் நான்குதான் முடிந்தன. நான்கும் ஃபுளோரைடை இறுகப் பிடிக்கின்றன. அவற்றை வைத்தே கட்டுரையை அனுப்பிவிட்டாள். விடுபட்ட இரண்டும் அவள் பெரிதாக நம்பியிருந்தவை.

24 ஜூலை
ஆய்வேட்டுக்கு ஆறையும் கரைப்பானில் வைத்துக் கணக்கிட வேண்டும். ஷீபாவே தட்டச்சு செய்தாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டபோது மட்டும் எலக்ட்ரான்களை எண்ணிச் சொன்னேன்.