அப்பா உன்னைத் தேடுகிறார்

அன்புள்ள வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? நான் சுகம், அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்தப் பொய் கைக்கு வரவில்லை.

போன வாரம் வீடியோவில் பேசும்போது, அப்பா என் பக்கம் திரும்பக்கூட மாட்டேங்கறார், இவ்வளவு தூரம் வந்ததுக்கு இன்னும் கோபமா என்று கேட்டு அழுதாய். அவர் பக்கத்திலேயே இருந்ததால் மழுப்பிவிட்டேன். விஷயம் வேறு கண்ணே. நிறுத்தத்தைத் தாண்டிப் போய் பஸ்ஸை நிறுத்துகிறார் என்று டெப்போவில் புகார் வந்ததும் கண்ணாடி மாற்றினோம், மறுபடியும் மாற்றினோம். டம்ளர் ஒரு பக்கம் இருக்கும், இவர் கை இன்னொரு பக்கம் போய்த் தடவும். நீ அனுப்பிய கறுப்புக் கால்மிதியை வாசலில் போட்டால், பள்ளம் என்று நினைத்துத் தாண்டிக் குதித்தார். இந்த வயசில் நீளம் தாண்டுதல் போட்டிக்குப் போகப் போறீங்களா என்று கேலி செய்தேன், அவரும் சிரித்தார். பிறகு ஒரு நாள் பஸ்ஸின் முன்சக்கரம் நடைபாதையில் ஏறிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அன்றைக்கே சாவியை மேலாளர் கையில் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா, கண்ணு பார்க்கறதைப் புரிஞ்சுக்கற மூளைப் பகுதிதான் சுருங்கிட்டு வருது என்றார் நரம்பு டாக்டர். இப்போதைக்கு நினைவு நன்றாக இருக்குமாம், போகப் போக அதுவும் தேயுமாம், குணமாக்க மருந்து இல்லையாம். மருந்துக்கடை வாசலிலேயே ஓவென்று அழுதுவிட்டேன். அப்பாதான் என் தோளைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

நேற்று நீ போனை வைத்ததும் என்ன கேட்டார் தெரியுமா? குரல் மட்டும் வருது, முகத்தை ஏன் காட்ட மாட்டேங்கறா, கிளம்பறப்போ நான் திட்டினதை இன்னும் மனசுல வெச்சிருக்காளா என்றார். அவ முகம் திரையிலதாங்க இருக்கு, உங்களுக்குத்தான் பிடிபடல என்றேன், நம்பவில்லை. உன் பின்னால் இருக்கிற அலமாரி, திரைச்சீலை, விளக்கு எல்லாவற்றுக்கும் நடுவில் உன்னைப் பிரித்தெடுக்க முடியவில்லை அவரால். இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்து என்ன செய்வேன் சொல்லு.

இனிமேல் கூப்பிடும்போது வெறும் சுவர் முன்னால் நில், பூப்போட்ட சட்டை வேண்டாம், ஆடாமல் இரு. அப்பா, இங்க இருக்கேன் என்று அவர் கண்டுபிடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இரு. வேளைக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். சீக்கிரம் லீவு கேள்.

நானும் கையெழுத்துப் போடுவேன் என்று அப்பா பேனாவை வாங்கினார். தாளை விட்டுத் தள்ளி, கையெழுத்தை மேசை மேல் போட்டுவிட்டார். நான் துடைக்கவில்லை. வந்து பார்த்துக்கொள்.

உன்
அம்மா