வெள்ளைச் சட்டையோடு வந்து நீ பிடுங்கிய வயர்

மச்சான்,

இன்று ஞாயிறு. காலடிப்பேட்டை டீக்கடை வாசலில் நிற்கும்போது போனுக்கு ஒரு செய்தி வந்தது. முதல் சர்வரின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது, இரண்டாவது பொறுப்பேற்றது. அவ்வளவுதான். யாரும் எங்கும் ஓடவில்லை. உன் ஞாபகம் வந்தது.

நீ போன பிறகு சர்வர் அறைச் சாவி என் கைக்கு வந்துவிட்டது. அதுவரை நான் வெறும் கேட் ஆள். எண்ணூர் சாலையில் வரும் கண்டெய்னர் லாரிகளைப் பதிந்து யார்டுக்குள் விடுபவன். யார்டில் எந்தக் கண்டெய்னர் பெட்டி எங்கே என்ற கணக்கு ஓடும் சர்வர் இரண்டு, ஆனால் இரண்டும் கோப்புகளை வைப்பது நெட்வொர்க்கில் இருக்கும் ஒரே பொது அலமாரியில் என்பது மட்டும் தெரியும். ஒன்று படுத்தால் மற்றதைக் கிளப்ப வேண்டியதுதானே என்று நினைத்தேன். நம் மேனேஜரும் அப்படித்தான் நினைத்தார்.

நீ அந்த வயரைப் பிடுங்கிய அன்றைக்கும் ஞாயிறுதான். திரை அப்படியே உறைந்து நின்றது. லாரிகள் சாலை வரை நிற்க, டிரைவர்கள் என் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். உன் மகளுக்குப் புதுநன்மை, அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் என்று தெரிந்தும் நான்தான் உனக்குப் போன் போட்டேன். என் கம்ப்யூட்டரிலிருந்தே இரண்டாவது சர்வரைக் கிளப்பட்டுமா என்று கேட்டேன்.

"தொடாத மாமு," என்றாய். பின்னால் கோயில் பாட்டு கேட்டது. "பதில் வர்லன்னா செத்துப்பூட்ச்சின்னு அர்த்தமா? உள்ள கம்முனு எழுதிகினு கீதோ இன்னாவோ. ரெண்டும் ஒரே ஃபைல்ல எழுதிச்சுன்னா எந்தப் பொட்டி எங்க கீதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. இரு, வர்றேன்."

இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு பைக்கில் வந்தாய். அறையைத் திறந்தால் முதல் சர்வரின் விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. நம்மோடு பேச்சை நிறுத்திவிட்டாலும், அலமாரிக்குப் போகும் இன்னொரு வயர் வழியாக அது எழுதிக்கொண்டேதான் இருந்தது. நீ அதன் மின்சார வயரைப் பிடுங்கினாய். அதன் பிறகுதான் இரண்டாவதைக் கிளப்பினாய். ஒரு பெட்டியின் கணக்கும் குழம்பவில்லை.

பதில் வராத சர்வரின் மின்சாரத்தைத் தானாகவே துண்டிக்கும் கருவி இருக்கிறது, வாங்கிக் கொடுங்கள் என்று நீ எத்தனை முறை கேட்டிருப்பாய். "அதான் நீ ராயபுரத்துலயே இருக்கியே," என்பார் மேனேஜர். வீடு பக்கத்தில் இருந்த பாவத்துக்கு உன்னையே அந்தக் கருவியாக வைத்துக்கொண்டோம். நானும் சேர்த்துத்தான். மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய், கூப்பிட்டால் ஓடிவர ஆள் இல்லை என்றான பிறகு, சத்தமில்லாமல் வாங்கி மாட்டினார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாயங்காலம் உன் வீட்டுக்குப் போய் உன் மகளிடம் காலையில் வந்த செய்தியைச் சொன்னேன். கல்லூரிக்குப் போகிற பெண்ணாகிவிட்டாள்.

"அன்னிக்கு அப்பா திரும்பி வந்தாரு மாமா. பூசை முடிஞ்சி எல்லாரும் பூட்டாங்க. வெள்ளை கவுனோட இன்னொரு வாட்டி பீடம் வரைக்கும் நடந்து காட்டும்மான்னு கேட்டாரு. கோவத்துல நான் நடக்கல."

இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை. மறுநாள் காலை கேட்டுக்கு வந்து, "லாரியெல்லாம் போச்சா மாமு?" என்று மட்டும் கேட்டாய். போயிற்று என்றேன். பிள்ளையின் புதுநன்மை எப்படி நடந்தது என்று நான் உன்னைக் கேட்கவே இல்லை. கேட்காத அந்தக் கேள்வியோடுதான் திரிகிறேன், மச்சான்.